ஹனோயில் வழிகாட்டியோடு தெருச் சாப்பாடு: முதல் முறை போகிறவர்களுக்கு

வியட்நாமில் வழிகாட்டியோடு கடை கடையாக நடந்து சாப்பிடும் உணவு நடைக்குப் போவதென்றால் ஹனோயில் இறங்கிய முதல் மாலையே போய்விடுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளிவைத்தால், பிடித்துப்போன கடைக்கு மறுபடி போக நேரம் இருக்காது.

1. நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

அரிசி நூடுல்ஸும் இறைச்சியும் போட்ட சூப்பான ஃபோ, ஆவியில் வெந்த மெல்லிய அரிசித் தோலில் சுருட்டித் தரும் பான் குவோன் இரண்டையும் காலையில் சாப்பிடுவதே சுகம். கரியில் சுட்ட பன்றி இறைச்சியோடு வரும் புன் சா மதியச் சாப்பாடு. கூட்டமும் கலகலப்பும் வேண்டுமென்றால் மாலை நடை. வார இறுதியில் ஹோவான் கியம் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டிகளை விடுவதில்லை. நடக்க நிம்மதியாக இருக்கும்.

2. எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

நம்மவர்களுக்கு இதுதான் முக்கியம். மாடும் பன்றியும் அங்கே அன்றாடச் சாப்பாடு. மாடு வேண்டாமென்றால் கோழி ஃபோ கேட்கலாம். சைவம் என்றால் "இறைச்சி வேண்டாம்" என்பது மட்டும் போதாது. நூக் மாம் என்ற மீன் சாறு ஊற்றாத தொட்டுக்கை அரிது. வெறும் காய்கறி வதக்கலில்கூட அது இருக்கும். "தோய் அன் சாய்" என்றால் நான் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். நம் ஊர் அமாவாசை, பௌர்ணமி விரதம் போல அங்கும் பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம்தான். அந்த நாட்களில் சைவக் கடை தேடி அலைய வேண்டியிருக்காது. வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் அதையும் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்.

3. சிறிய குழுவாகப் பாருங்கள்

நடைபாதையில் முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலிகள்தான் இருக்கை. இருபது பேர் போனால் உட்காரவே இடம் கிடைக்காது. சாப்பாட்டுச் செலவு கட்டணத்தில் சேர்ந்ததா என்றும் கேட்டுவிடுங்கள்.

4. சாலையைக் கடப்பது

மோட்டார் சைக்கிள் வெள்ளம் ஓயும் என்று காத்திருந்தால் இரவாகிவிடும். ஒரே சீரான வேகத்தில் மெதுவாக நடங்கள், அவர்களே விலகிப் போவார்கள். நடுவில் ஓடுவதோ, சட்டென்று பின்வாங்குவதோதான் ஆபத்து. முதல் தடவை வழிகாட்டியை ஒட்டியே கடந்துவிடுங்கள்.

5. சாப்பிடும் முறை

ஃபோ வந்ததும் எலுமிச்சையைப் பிழிந்துவிடாதீர்கள். முதலில் வெறும் சாற்றை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், அப்புறம் பூண்டு வினிகர், மிளகாய் என்று சேர்க்கலாம். தெற்கே சைகோனில் தட்டு நிறைய இலைகளும் முளைகட்டிய பயறும் தருவார்கள். ஹனோய்க்காரர்கள் அவ்வளவு சேர்ப்பதில்லை.

புன் சாவில் இறைச்சி, நூக் மாமும் வினிகரும் சர்க்கரையும் கலந்த வெதுவெதுப்பான சாற்றில் மிதக்கும். பச்சைப் பப்பாளித் துண்டுகளும் கிடக்கும். அரிசி நூடுல்ஸ் தனித் தட்டில் வரும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாற்றில் தோய்த்து, இலைகளோடு சாப்பிட வேண்டும். மொத்தத்தையும் கொட்டிக் கிளறினால் ஊறிப்போய்விடும். 2016இல் ஒபாமா சாப்பிட்ட புன் சா கடை ஹனோயில்தான் இருக்கிறது. அதற்காகத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை என்பேன், சந்துக் கடைகளிலேயே அருமையாகக் கிடைக்கும்.

மஞ்சள் தடவிய மீனைச் சதகுப்பைக் கீரையோடு மேசையிலேயே வதக்கித் தருவது சா கா. கூடவே வரும் இறால் விழுது வாடை தாங்கவில்லையென்றால் நூக் மாம் கேளுங்கள்.

எங்கும் முழுத் தட்டைக் காலி செய்ய வேண்டாம். இருவருக்கு ஒன்று போதும், இன்னும் நாலைந்து கடை பாக்கி இருக்கும்.

6. முட்டை காபி

1946இல் பால் தட்டுப்பாட்டின்போது, ஹனோய் மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஜியாங் உருவாக்கியது இது. மஞ்சள் கருவை இனிப்புப் பாலோடு நுரைக்க அடித்துக் காபி மேல் ஊற்றுவார்கள். கவுச்சி அடிக்குமோ என்று பயப்பட வேண்டாம், சூடாக இருக்கும்போதே கரண்டியால் எடுத்துச் சாப்பிடுங்கள்.

7. பணம்

20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இரவு வெளிச்சத்தில் மாறிப்போகும், தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரியும் முன் பிடித்த கடைகளை உங்கள் ஃபோன் வரைபடத்தில் குறித்துத் தரும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள்; பல கடைகளுக்கு ஆங்கிலப் பலகையே இருக்காது.