உங்கள் மடிக்கணினியில் ஓடும், தோட்ட ஆபீசில் ஓடாது: கட்டளைவரிக் கருவியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) எடைபோட்ட கொழுந்தை ஆள்வாரியாகக் கூட்டி, செக்ரோலுக்கு (தொழிலாளர் சம்பளப் பதிவேட்டுக்கு) கணக்குத் தரும் சின்னக் கட்டளைவரிக் கருவி, அதாவது கட்டளையைத் தட்டி இயக்கும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுதுவது ஹட்டனிலோ பண்டாரவளையிலோ, புத்தம்புது உபுண்டு லினக்ஸில். ஓடப்போவது தோட்ட ஆபீசின் பழைய கணினியில்.

புதிய கணினியிலேயே தொகுத்து (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றி) அப்படியே அனுப்புவதுதான் பலரும் செய்வது. நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, உபுண்டு 24.04 இல் 2.39, 20.04 இல் 2.31. புதியதில் தொகுத்தது பழையதில் பதிப்புப் பிழை காட்டி நின்றுவிடக்கூடும். பழையதில் தொகுத்தது புதியதில் ஓடும். ஆகப் பழைய பதிப்பின் கொள்கலனுக்குள் (உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் பழைய உபுண்டுச் சூழலுக்குள்) தொகுங்கள். கோ மொழியென்றால் சி நிரலோடு இணைக்கும் சிகோ வசதியை அணைத்தாலே பெரும்பாலும் போதும். ஆனால் விண்டோஸ் 7 இன்னும் கிடக்கும் இடத்துக்கு கோ 1.20 தான் கடைசி, 1.21 அங்கே ஓடாது.

கோப்புப் பெயரில் நேரம் போடுவது நயவஞ்சகமான தவறு. 'நிறுவை-06:30' லினக்ஸில் சாதாரணப் பெயர். விண்டோசின் என்டிஎஃப்எஸ் வட்டிலோ முக்காற்புள்ளிக்குப் பின்னுள்ளது, கோப்போடு ஒட்டிய மறைவான ஓடையின் (தனித் தரவுப் பகுதியின்) பெயராகிவிடும்; எழுதியதெல்லாம் அதற்குள் போய்விடும். பிழைச் செய்தி வராது; 'நிறுவை-06' என்ற கோப்பு 0 பைட்டோடு கிடக்கும். அதை, ஓடைகளை வைத்திருக்க முடியாத ஃபேட்32 பென்டிரைவுக்கு நகலெடுத்தால் காலை நிறுவை மொத்தமும் போச்சு. '06-30' என்று எழுதுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு வினை. 'கோமதி'யின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு. செக்ரோலில் ஒரே கோமதி இரண்டு ஆளாகி, கிலோவும் பிரிந்துவிடும். உள்ளே வாங்கும்போதே என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். திரையில் பத்திகளை (நெடுவரிசைகளை) இடைவெளி விட்டு நேராக்கவும் முயலாதீர்கள்: 'கொழுந்து' 4 எழுத்து, 8 குறியீடு, 24 பைட், எதை எண்ணினாலும் கோடு கோணும். சீஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பாக) கொடுங்கள். எக்செலில் நேரே திறப்பார்கள் என்றால் கோப்பின் தலையில் 'பொம்' என்ற 3 பைட் யூனிகோட் அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் தமிழ் குப்பையாகத் தெரியும். அதே கோப்பைத் திரும்ப வாசிக்கும்போது அந்த 'பொம்' அடையாளத்தை நீக்க மறந்தால் முதல் பத்தியின் பெயர் பொருந்தாது.

பொதி கட்டும்போது: விண்டோசில் செய்த ஜிப்பில் லினக்ஸின் இயக்க அனுமதி தங்காது, லினக்ஸிலிருந்தே டார் கோப்பாகக் கட்டுங்கள். ஆப்பிள் சிப் மெக்கில் கையொப்பமே இல்லாத நிரல் ஓடாது. உலாவியில் இறக்கியது தடையில்லாமல் திறக்க ஆப்பிளின் சான்றும் வேண்டும், அதற்கான உறுப்புரிமை ஆண்டுக்கு 99 டொலர். தோட்டத்தில் ஒரு மெக்கும் இல்லையென்றால் அந்தப் பொதியை விட்டுவிடுங்கள்.