எருசலேம் திருக்கல்லறை ஆலயம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புனித நாடு யாத்திரை போகும் பல குழுக்கள், இயேசுவின் கல்லறை இருக்கும் இடமாகப் போற்றப்படும் திருக்கல்லறை ஆலயத்துக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகின்றன. அது கல்லறைக்கான வரிசையிலேயே கரைந்துவிடும். உள்ளே சில நொடிகள் முழந்தாளிடலாம், அதற்குள் வாசலில் நிற்கும் துறவி அவசரப்படுத்துவார், அப்புறம் பேருந்து. வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டுப் போகும் இடத்தை இப்படிப் பார்த்துவிட்டு வரக்கூடாது.

ஆலயம் விடியற்காலையிலேயே திறந்துவிடும், கட்டணமும் கிடையாது. பழைய நகருக்குள்ளோ பக்கத்திலோ தங்கினால் இருட்டு விலகும் முன் நடந்தே போய்விடலாம். கல்லறையில் பூசை நடந்துகொண்டிருந்தால் உள்ளே விடமாட்டார்கள். அதைத் தடங்கலாக நினைக்காமல் நின்று பங்கெடுங்கள். கல்லறை இருக்கும் சிறு மண்டபத்துக்குள் படம் எடுக்கவே வேண்டாம்.

கல்லறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது அடுத்த தவறு. நுழைந்ததும் வலப்பக்கம் ஏறும் செங்குத்தான படிகள்தான் இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடமான கல்வாரிக்கு வழி. படிகள் உயரமானவை, வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றுங்கள். மேலே கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையின் பீடத்துக்கு அடியில் ஒரு துளை இருக்கிறது. அதில் கைவிட்டால் பாறையைத் தொடலாம். அதே பாறையின் வெடிப்பைக் கீழே ஆதாம் சிற்றாலயத்தில் கண்ணாடி வழியே பார்க்கலாம். புனித எலேனா சிற்றாலயத்துக்கு இறங்கும் படிச் சுவரில் சின்னச் சின்னச் சிலுவைகள் நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும். கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும்.

"இயேசு நகர வாசலுக்கு வெளியேதானே பாடுபட்டார் (எபிரேயர் 13:12), இந்தக் கோவிலோ மதிலுக்குள் இருக்கிறதே" என்று சந்தேகத்தோடு வருபவர்களும் உண்டு. இந்த இடத்தை நகருக்குள் கொண்டுவந்தது யூத மன்னர் முதலாம் ஏரோது அகிரிப்பா கி.பி. 41-44 காலத்தில் தொடங்கிய மதில். சிலுவைச் சாவு அதற்கு முன்பே நடந்துவிட்டது. சான்று ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. கல்லறை மண்டபத்துக்குப் பின்னால், கரி படிந்த சிரியன் சிற்றாலயத்தை ஒட்டி, பாறையில் குடைந்த யூதக் கல்லறைகள் உள்ளன. யூதர்கள் ஊருக்கு வெளியேதான் அடக்கம் செய்வார்கள். பலர் எட்டிக்கூடப் பார்க்காத இந்த மூலையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

வாசலுக்கு நேரே இருக்கும் கல்லில்தான் இயேசுவின் உடலுக்குத் தைலம் பூசினார்கள் என்று வழிகாட்டிகள் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். இப்போதுள்ள பலகை 1810-இல் பதித்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டி 335-இல் அர்ப்பணித்த ஆலயம் 1009-இல் இடிக்கப்பட்டது, இன்று நாம் காண்பதில் பெரும்பகுதி சிலுவைப் போர்க் காலத்தது. இது தெரிந்த பிறகும் அந்தக் கல்லில் தலைவைத்து அழுகிறவர்கள் அழத்தான் செய்கிறார்கள். அவர்களைப் படமெடுக்காதீர்கள்.

இன்னொன்று மிக முக்கியம். கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மேனியர், காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவர்), சிரியன், எத்தியோப்பியர் என ஆறு சபைகள் இந்த வளாகத்தில் வழிபடுகின்றன. எந்த விளக்கு, எந்தப் படி யாருடையது என்பது 19-ஆம் நூற்றாண்டில் உறுதியான ஏற்பாட்டின்படி இன்றும் நடக்கிறது. 2002-இல் கூரைமேல் ஒரு காப்டிக் துறவி நாற்காலியை நிழலுக்கு நகர்த்தியதில் கைகலப்பாகி, பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதனால் எதையும் நகர்த்தாதீர்கள், மெழுகுதிரியை அதற்கான இடத்தில் மட்டும் ஏற்றுங்கள், வேறு சபையின் வழிபாடு நடக்கும்போது சத்தமாகப் பாடத் தொடங்காதீர்கள். சாவியும் வாசலும் தலைமுறைகளாக இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில் இருக்கின்றன.

உடை விஷயம் நமக்குத் தெரிந்ததுதான்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கல்தரை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பாகப் போடுங்கள்.

கடைசியாக, நம் ஈஸ்டர் முடிந்த பிறகு போனால் கூட்டம் குறைந்திருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் பல ஆண்டுகளில் ஒன்று முதல் ஐந்து வாரம் தள்ளி வரும். அதற்கு முந்தின சனிக்கிழமை, கல்லறையிலிருந்து நெருப்பைக் கொண்டுவந்து எல்லோருடைய மெழுகுதிரிகளிலும் ஏற்றும் திருநெருப்பு வழிபாட்டுக்காகப் பழைய நகரின் தெருக்களையே காவல்துறை அடைத்துவிடும். டிக்கெட் போடும் முன் இரண்டு ஈஸ்டர் தேதிகளையும் பாருங்கள்.