இங்கிலாந்துக்குப் புதிதாக வருகிறீர்களா? ரத்தம் வராத ஈறை நம்பாதீர்கள்

ஜிபி எனும் குடும்ப மருத்துவரிடம் பதிவு, வேலைக்கும் வரிக்கும் வேண்டிய என்ஐ நம்பர், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் வந்ததுமே முடித்துவிடுவீர்கள். வழிகாட்ட ஆளும் நிறைய உண்டு. பல்லைத்தான் ‘அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறோம்.

விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் கட்டியிருந்தாலும் பல்லுக்குத் தனிக் கட்டணம் உண்டு. 2025 ஏப்ரலில் வந்த விலைப்படி என்எச்எஸ் எனும் அரசு மருத்துவச் சேவையில் பல் பரிசோதனைக்கு 27.40 பவுண்டு. ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தால், பரிசோதனையும் சேர்த்து 75.30. அந்தச் சிகிச்சை முடியும்வரை எத்தனை முறை வரச் சொன்னாலும் அதே தொகைதான். பக்கத்துத் தெரு கிளினிக்தான் என்று கட்டாயமில்லை. புது ஆட்களை எடுக்கும் இடம் கிடைக்கும்வரை போன் போடுங்கள். வலி தாங்க முடியாவிட்டால் என்எச்எஸ்ஸின் 111 எண்ணுக்குப் போன் போடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லண்டன் ஈஸ்ட்ஹாமில் என்னோடு அறையில் இருந்த நண்பருக்குக் கல்லூரி நாளிலிருந்தே சிகரெட். பிறகு சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. எனக்குப் பல் தேய்க்கும்போது லேசாக ரத்தம் வரும். அவருக்குச் சொட்டுகூட வராது. ‘என் ஈறைப் பாருடா, கல்லு மாதிரி’ என்பார். ஊரில் நமக்கு ஒரே கணக்குதானே: ரத்தம் வந்தால் கோளாறு, வராவிட்டால் சுகம். புகை பிடிப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. சிகரெட் ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, சிவப்பையும் வீக்கத்தையும் ரத்தத்தையும் மறைத்துவிடுகிறது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் முறுக்கைக் கடித்தபோது அவருடைய கடைவாய்ப் பல் அசைந்தது. கடைசியில் இரண்டு பற்களைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. முதல் பரிசோதனையிலேயே புகைப்பழக்கத்தைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தவர் அவர். ஒருவரும் உட்காரவைத்து விளக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதனால் பரிசோதனையின்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நுனியில் குட்டி உருண்டை வைத்த மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே நுழைத்து, வாயை ஆறு பகுதியாகப் பார்த்து, நர்ஸிடம் எண்களைச் சொல்வார்கள். கம்பியில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். அது பாதி மறைந்தால் 3, முழுவதும் மறைந்தால் 4. ஈறின் நிலையைச் சொல்லும் இவைதான் ‘பிபிஇ’ எண்கள். ‘என் பிபிஇ என்ன?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 3, 4 வந்தால் அடுத்து என்ன சிகிச்சை என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

சர்க்கரை இருப்பவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் ஆபத்தை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இந்த நாட்டில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பே 2022-ல் வழிகாட்டுதலில் சேர்த்திருக்கிறது. நம் ஆட்களுக்கு இளவயதிலேயே, ஒல்லியாக இருக்கும்போதே சர்க்கரை வருவதால் இது நமக்கு ரொம்ப முக்கியம். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மாத்திரைப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். அப்பா, அம்மாவுக்குச் சீக்கிரமே பல் ஆடி விழுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்களை அழைத்து வந்திருந்தால் அவர்களையும் கட்டாயம் காட்டுங்கள்.

அப்புறம், ‘கிளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்று ஊரிலிருந்து அத்தை போனில் சொல்வார். பல்லில் படிந்த காரை அடைத்திருந்த இடம் காலியாவதால் இடைவெளி தெரிகிறது. பல்லை ஆட்டுவது நோய்தான்.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம். மகப்பேறு பார்க்கும் மிட்வைஃபிடம் கேட்டு மகப்பேறு கட்டண விலக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டால், குழந்தை பிறந்து 12 மாதம் வரை என்எச்எஸ் பல் சிகிச்சை இலவசம்.

சிகரெட்டை நிறுத்தியவர்களுக்கு ஒன்று: நிறுத்திய கொஞ்ச நாளில் ஈறில் ரத்தம் எட்டிப் பார்க்கலாம். ரத்த ஓட்டம் திரும்பியதால், இதுவரை ஒளிந்திருந்த வீக்கம் வெளியே தெரிகிறது. பயந்துபோய் மறுபடி பற்றவைக்காதீர்கள், தேய்ப்பதையும் நிறுத்தாதீர்கள். பல் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.