ஜப்பான் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுவது எப்படி: கிராமத்து பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்

முதல் தடவை ஜப்பான் போகிறவர்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று வரிசையாக எழுதிவிட்டு, மிச்சமிருக்கும் இடைவெளியில் ஒரு கிராமத்தைச் செருகப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஷிரகாவா-கோ கிராமத்தில் எனக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். அதிலும் பெட்டியை எங்கே வைப்பது என்று அலைந்ததில் இருபது நிமிடம் போயிற்று. அடுத்த தடவை திட்டத்தைத் தலைகீழாகப் போட்டேன். டோக்கியோவில் ஒரு ரயிலை விட்டால் சில நிமிடங்களில் அடுத்தது வந்துவிடும். மலைக் கிராமத்தில் கடைசி பஸ்ஸை விட்டால் அன்றைய கதை முடிந்தது. அதனால் வளைந்துகொடுக்காத இடத்தை முதலில் கட்டிப்போட வேண்டும். நகரங்கள் தானாக வளைந்துகொள்ளும்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

செர்ரிப் பூ வேண்டுமென்றால் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். கியோட்டோவின் சிவந்த மேப்பிள் இலைகளுக்கு நவம்பர் பிற்பகுதி. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை வரும் ‘கோல்டன் வீக்’ விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். ஜப்பானியர்களே ஊர் சுற்றக் கிளம்பும் வாரம் அது. ஜூனில் மழை, ஆகஸ்டில் புழுக்கம். சென்னைக்காரர்களுக்குக்கூட அந்தப் புழுக்கம் கொஞ்சம் அதிகம்தான்.

2. கிராமத்தைப் பிடியுங்கள்

உதாரணத்துக்கு ஷிரகாவா-கோவையே எடுத்துக்கொள்வோம். 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். வீடுகளின் வைக்கோல் கூரை, கும்பிடக் கூப்பிய கைகளைப் போல் செங்குத்தாகச் சரிந்திருக்கும். பனி மேலே தங்காமல் வழுக்கி விழ வேண்டும் என்பதற்காக அப்படி. கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் முன்பு பட்டுப்புழு வளர்த்தார்கள். உள்ளே போய்ப் பார்க்கத் திறந்துவிட்டிருக்கும் வீடுகளும் உண்டு.

இங்கே ரயில் வராது; சொந்தமாகக் கார் ஓட்டாதவர்களுக்கு பஸ்தான் வழி. தகயாமா என்ற ஊரிலிருந்து சுமார் 50 நிமிடம், மறுபக்கம் கனசாவா நகரத்திலிருந்து சுமார் ஒன்றேகால் மணி. சில பஸ்களுக்கு முன்பதிவு கட்டாயம், சிலவற்றுக்கு வரிசையில் நின்றால் போதும். பஸ் நிறுவனத்தின் தளத்தில் நேர அட்டவணையைப் பார்த்து, ‘எத்தனை மணிக்கு வருகிறேன், எத்தனை மணிக்குக் கிளம்புகிறேன்’ என்று முதல் வரியாக எழுதுங்கள். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முடிந்தால் அங்கேயே ஒரு கூரைவீட்டு விடுதியில் இரவு தங்குங்கள். பகல் கூட்டம் பஸ் ஏறிப் போனபிறகு, தெருவில் ஓடும் வாய்க்கால் தண்ணீரின் சத்தம்தான் மிச்சமிருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: விடுதியில் இரவுச் சாப்பாடு மாலை ஆறு மணி வாக்கில் வந்துவிடும். தாமதமாகப் போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

3. நகரங்களை இருபுறமும் கோத்துக்கொள்ளுங்கள்

இப்போது வழி தானாகத் தெரியும். டோக்கியோவில் 3 இரவு. ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் கனசாவா. அங்கே கென்ரோகுஎன் தோட்டத்தைப் பார்த்து 1 இரவு. மறுநாள் பஸ்ஸில் ஷிரகாவா-கோ, சாயங்காலம் தகயாமா, அங்கே 2 இரவு. பிறகு நகோயா வழியாக கியோட்டோ, 3 இரவு. கியோட்டோவிலிருந்து நாரா முக்கால் மணி தூரம்தான். அங்குள்ள பெரிய புத்தர் சிலைக்கு 752-இல் கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து போன துறவி போதிசேனர். அதற்காகவாவது ஒரு நாள் போய்வரலாம்.

விமான டிக்கெட்டை டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் ஏறுவதுபோல் எடுங்கள். திரும்ப டோக்கியோவுக்கே வந்தால் அரை நாளும் ரயில் கட்டணமும் வீண். விசா விண்ணப்பத்திலும் நாள்வாரியான பயணத் திட்டம் கேட்பார்கள் என்பதால் இந்தத் தாள் அங்கேயும் உதவும்.

4. ரயில் பாஸ் வாங்குமுன் கூட்டிப் பாருங்கள்

“ஜே.ஆர். பாஸ் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு” என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஒரே விலையில் குறிப்பிட்ட நாட்களுக்கு ஜப்பான் ரயில்வே (ஜே.ஆர்.) ரயில்களில் சுற்ற விடும் சீட்டு அது. 7 நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்த காலத்துப் பேச்சு இது. 2023 அக்டோபரில் அந்த விலை 50,000 யென்னாகிவிட்டது. நம் வழியில் டோக்கியோ–கனசாவா சுமார் 14,000, தகயாமா–நகோயா சுமார் 6,000, நகோயா–கியோட்டோ சுமார் 6,000. மொத்தம் 26,000 சொச்சம். தனித்தனி டிக்கெட்டே லாபம். நகரத்துக்குள் சுற்ற சுய்கா அல்லது இகோகா என்ற பயண கார்டில் பணம் போட்டு, ரயில் நிலைய நுழைவாயிலில் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

5. பெட்டியை முன்னால் அனுப்பிவிடுங்கள்

என் இருபது நிமிட அலைச்சலுக்கு மருந்து இதுதான். ‘தக்யூபின்’ என்று ஒரு கூரியர் முறை இருக்கிறது. டோக்கியோ ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்து, கியோட்டோ ஹோட்டல் முகவரியும் நீங்கள் அங்கே போய்ச் சேரும் தேதியும் எழுதினால் போதும், உங்களுக்கு முன்னால் அது அங்கே இருக்கும். அளவைப் பொறுத்து 2,000, 3,000 யென் ஆகும். நடுவில் வரும் நாட்களுக்குத் தோள்பை போதும். கியோட்டோ ஹோட்டலுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

6. சாப்பாடும் சில்லறையும்

சைவக்காரர்கள் கவனிக்க: காய்கறிச் சூப் என்று வருவதிலும் பெரும்பாலும் ‘தாஷி’ என்ற மீன் சாறு இருக்கும். “மீன் வேண்டாம்” என்றால் துண்டை எடுத்துவிட்டுச் சாற்றோடு தந்துவிடுவார்கள். ‘தாஷியும் வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோயில்களை ஒட்டிக் கிடைக்கும் ‘ஷோஜின் ரியோரி’ மரபுப்படி சைவம். அவசரத்துக்குக் கடைகளில் உமெபோஷி, அதாவது உப்பில் ஊறிய புளிப்புக் காய் வைத்த சோற்றுருண்டை கிடைக்கும். ஏறத்தாழ நம் ஊறுகாய்ச் சோறுதான். தகயாமாவின் ஆற்றோரக் காலைச் சந்தைப் பக்கம் போனால் மிதராஷி தாங்கோ சாப்பிடுங்கள். அரிசிமாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்து, சோயா சாஸ் தடவிக் கரியில் வாட்டித் தருவார்கள். மற்ற ஊர்களில் இது இனிப்பு, இங்கே உப்பு.

கிராமத்துக் கடைகளில் கார்டு செல்லாமல் போகலாம். செவன்-இலெவன் ஏ.டி.எம்.களில் வெளிநாட்டு கார்டுக்கும் பணம் வரும். பஸ் ஏறுமுன் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், ஷிரகாவா-கோவில் இறங்கியதும் கூரைகளைப் படம் எடுக்குமுன் நிறுத்தத்தில் இருக்கும் நேர அட்டவணையைப் படம் எடுங்கள். பருவத்தைப் பொறுத்து நேரம் மாறும். வீட்டில் உட்கார்ந்து எழுதியதோடு அது ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.