ஆளைப் பிடித்துக்கொண்டு போங்கள்: யாருக்கும் தெரியாத இண்டி கிடார் தட்டுகளைத் தேடுவது எப்படி?

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் அல்லிக்குளத்தில் ஒரு பழைய ரெக்கார்டு கடையில் நின்றிருந்தேன். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த வியாபாரிகள் வந்து சேர்ந்த வளாகம் அது.

"என்ன தம்பி வேணும், ராஜாவா, எம்.எஸ்.வி.யா?"

"இங்கிலீஷ் பாட்டுண்ணே. கிடார் பேண்டு மாதிரி."

"அந்த மூலைல ஒரு கட்டு கெடக்கு. நீயே பிரிச்சுப் பாத்துக்க."

கட்டில் இருந்தவை ஷேடோஸ், வென்ச்சர்ஸ், கிளிஃப் ரிச்சர்ட், போனி எம். எல்லாமே ஊரறிந்த பெயர்கள். ஆனால் ஒரு ஷேடோஸ் அட்டையின் பின்பக்கத்தில், வாசித்தவர்களின் பெயர்களுக்கு மட்டும் யாரோ நீல மையில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் 'பெரம்பூர், 1966' என்று எழுதியிருந்தார். பாட்டுகளின் பெயர்களைத் தொடவே இல்லை. நான் தேடிப்போன தட்டு அன்று கிடைக்கவில்லை. ஆனாலும் தேடும் வழி தெரிந்துவிட்டது. பாட்டு பிடித்திருந்தால், அதை வாசித்தவர், பதிவு செய்தவர், வெளியிட்டவர் யார் என்று பார்த்து அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அடுத்த நல்ல தட்டு அவர் இருக்கும் இடத்தில்தான் இருக்கும்.

இண்டி என்று சொல்லப்படும் கிடார் பாப், ராக் இசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளை நம்பாமல், நாலைந்து பேர் கைக்காசு போட்டோ கடன் வாங்கியோ வெளியிட்ட இசை இது. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 500 பவுண்டு கடன் வாங்கி, முதலில் 1000 பிரதிகள் அடித்து, 1977 ஜனவரியில் ஒரு சின்னத் தட்டைத் தானே வெளியிட்டது. நாமும் செய்யலாமே என்று பிரிட்டனின் சின்ன ஊர்களில் இருந்தெல்லாம் பிள்ளைகள் கிளம்பினார்கள். அவர்களில் பலருடைய தட்டு சில நூறு பிரதிகளோடு நின்றுவிட்டது. இன்று நாம் தேடுவது அவற்றைத்தான்.

தெரியாத இசை என்றால் சுமாரான இசை என்ற எண்ணம் இருந்தால் முதலில் அதை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழுவின் முதல் ஆல்பம் 1972இல் வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் விநியோகம் சொதப்பியதால் தட்டு கடைகளுக்கே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. பத்து வருடத்துக்கு மேல் கழித்து ஆர்.இ.எம். போன்ற குழுக்கள் அவர்களைப் பற்றிப் பேசிப் பேசித்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. இசையில் குறையே இல்லை, லாரி ஏறவில்லை, அவ்வளவுதான்.

முதல் படி: ஒரே ஒரு கதவைத் திறங்கள்

ஒரே நாளில் நூறு குழுக்களைக் கேட்டால் ஒன்றும் மனதில் தங்காது. ஒரு லேபிளை, அதாவது தட்டு வெளியிடும் நிறுவனத்தை, தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் அதிலேயே இருங்கள். எனக்கு மிகவும் பிரியமான சாரா ரெக்கார்ட்ஸைச் சொல்கிறேன். பிரிஸ்டல் நகரில் கிளேர் வாட், மேட் ஹேன்ஸ் என்ற இரண்டு பேர் 1987இல் தொடங்கிய லேபிள். பெரும்பாலும் 7 அங்குலத் தட்டுகள். சாரா 1, சாரா 2 என்று எண் போட்டுக்கொண்டே வந்து, 1995இல் சாரா 100 வந்ததும், போதும் என்று அவர்களே கடையை மூடிவிட்டார்கள். அவர்கள் வெளியிட்ட தொகுப்பு ஆல்பங்களுக்கு பிரிஸ்டலைச் சுற்றியுள்ள இடங்களின் பெயர். தட்டு எண்ணாக அந்த இடத்துக்குப் போகும் பஸ்ஸின் எண். டெம்பிள் கிளவுட் என்ற கிராமத்தின் பெயர் கொண்ட தொகுப்புக்கு எண் 376. நம்மூரில் ஒருவர் 'பெசன்ட் நகர்' என்று ஒரு ஆல்பம் போட்டு அதற்கு 29சி என்று எண் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. சொந்த ஊர் மேல் அவ்வளவு ஆசை வைத்தவர்களின் இசையை நாமும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கலாம்.

சாராவின் மென்மை பிடிக்காவிட்டால் நியூசிலாந்துக்குப் போங்கள். ரோஜர் ஷெப்பர்ட் 1981இல் கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கிய ஃப்ளையிங் நன் லேபிள் இன்னொரு நல்ல கதவு. தெற்கே டனீடன் என்ற சின்ன ஊரிலிருந்து கிளீன், சில்ஸ், வெர்லெய்ன்ஸ் என்று வரிசையாகக் குழுக்கள் வந்தன. 1982இல் நாலு டனீடன் குழுக்களைச் சேர்த்து வெளியிட்ட இரட்டைத் தட்டு முழுவதும் கிறிஸ் நாக்ஸ் என்ற இசைக்கலைஞரின் 4 டிராக் மெஷினில் (நாலு தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்யும் கருவி) பதிவானது. பெரிய ஸ்டூடியோ வாடகை எதுவும் கிடையாது.

இரண்டில் எதில் தொடங்குவது என்று குழம்பினால், 1986இல் பிரிட்டனின் என்.எம்.இ. இசைப் பத்திரிகை வெளியிட்ட சி86 கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 22 குழுக்கள், ஆளுக்கு ஒரு பாட்டு. எது காதில் ஒட்டுகிறதோ அதுவே உங்கள் கதவு.

இரண்டாம் படி: காதைப் பழக்குங்கள்

இந்த இடத்தில்தான் நம்மூர்க்காரர்கள் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். சினிமாப் பாட்டில் குரல் முன்னால் நிற்கும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் அணிவகுக்கும். இங்கே குரல் பல நேரம் கிடார்களுக்கு நடுவே பாதி மூழ்கியிருக்கும். பாடுகிறவருக்குப் பயிற்சி இருக்காது. டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல் கேட்கும். முதல் தடவை, முடிக்காத வேலை போலத் தோன்றுவது இயல்பு.

ஆனால் இளையராஜா பாட்டில் பல்லவி முடிந்ததும் அடுத்து வரும் இடையிசைக்குக் காத்திருந்து வளர்ந்த காது நம்முடையது. பேஸ் கிடார் தனியாக ஒரு மெட்டுப் போட்டு ஓடுவதை நாம் கவனிப்போம். அதே கவனத்தை இங்கே கொண்டுவாருங்கள். முதல் தடவை சும்மா ஓடவிடுங்கள். இரண்டாம் தடவை குரலை விட்டுவிட்டு இரண்டாவது கிடாரை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் தடவைக்குள் மெட்டு தானாக வெளியே வந்துவிடும். வராவிட்டால் அடுத்த தட்டுக்குப் போகலாம், தப்பே இல்லை. அப்புறம் ஒன்று: போன் ஸ்பீக்கரில் கேட்டு எந்தத் தட்டையும் தள்ளிவிடாதீர்கள். சாதாரண ஹெட்போன் போதும்.

மூன்றாம் படி: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. ஒரு நோட்டு வாங்கி, பிடித்த ஒவ்வொரு தட்டுக்கும் லேபிளின் பெயர், தட்டு எண், வாசித்தவர்கள், தயாரித்தவர், ஸ்டூடியோ என்று எழுதி வையுங்கள். கடைசியில் சின்ன எழுத்தில் 'நன்றி' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். ஒரு குழு யாரோடு மேடையைப் பகிர்ந்தது, யாருடைய வீட்டுத் தரையில் படுத்துத் தூங்கியது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அந்தப் பட்டியலில் இருக்கும் மற்றக் குழுக்கள் உங்களுக்கு அடுத்த மாதத்துக்கான தேடல். சிலர் அட்டையில் இன்னும் வெளிப்படையாக எழுதினார்கள். லண்டனின் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு 1978இல் தன் முதல் தட்டின் அட்டையிலேயே, பதிவுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று செலவுக் கணக்கை அச்சடித்துக் கொடுத்தது. அடுத்தவரும் செய்து பார்க்கட்டும் என்பதற்காக.

இப்போது அடிக்கோடு போடும் வேலை. அமீலியா ஃப்ளெட்சர் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 1986இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய தலூலா காஷ் குழுவில் பாடியவர். அந்தக் குழு இரண்டே வருடத்தில் முடிந்துவிட்டது. அங்கேயே நின்றிருந்தால் நமக்குக் கிடைப்பது கையளவு பாட்டுகள். பெயரைப் பின்தொடர்ந்தால் சாராவில் வெளியான ஹெவன்லி வரும், அப்புறம் மரீன் ரிசர்ச், டெண்டர் ட்ராப், கேட்டனரி வயர்ஸ். கிட்டத்தட்ட ஒரு வாழ்நாளுக்கான இசை. இடையில் அவர் பொருளாதாரம் படித்துப் பேராசிரியரும் ஆனார். இசையையும் விடவில்லை.

தயாரித்தவரின் பெயரும் இதே போல வழிகாட்டும். சாராவின் ஃபீல்ட் மைஸ் குழுவோடு வேலை செய்த இயன் கேட் என்பவரைப் பின்தொடர்ந்தால் செயின்ட் எட்டியென் குழுவில் போய் நிற்பீர்கள். அது நடன இசைப் பக்கம் சாய்ந்த பாப். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஒரே ஆளின் கை தெரியும். ஃபீல்ட் மைஸில் பாடிய பாபி ரேட்டனைப் பிடித்துக்கொண்டு போனால் வேறு திசை: நார்தர்ன் பிக்சர் லைப்ரரி, பிறகு டிரெம்ப்ளிங் ப்ளூ ஸ்டார்ஸ்.

கையில் அட்டை இல்லையே என்றால், டிஸ்காக்ஸ் தளம் இருக்கிறது. 2000இலிருந்து ரசிகர்களே சேர்த்து வைக்கும் இசைத்தட்டுப் பட்டியல். பாட்டின் பெயரைத் தேடி, ஒரு குறிப்பிட்ட வெளியீட்டின் பக்கத்துக்குப் போங்கள். அட்டையின் முன்பக்க, பின்பக்கப் படங்கள் பெரும்பாலும் இருக்கும், பெரிதாக்கிப் படிக்கலாம். பிறகு லேபிளின் பெயரைச் சொடுக்கினால் அந்த லேபிள் வெளியிட்டவை எல்லாம் எண் வரிசையில் விரியும். தெரிந்த எண்ணுக்கு முந்தையதையும் பிந்தையதையும் கேட்டுப் பாருங்கள். எனக்கு நல்ல தட்டுகள் பலவும் இப்படிப் பக்கத்து எண்ணில்தான் கிடைத்தன. கேட்பதற்கு, குழுக்கள் தங்கள் இசையை நேராக விற்கும் பேண்ட்கேம்ப் தளம், யூடியூப் இரண்டும் போதும். பேண்ட்கேம்பில் பழைய குழுக்கள் தாங்களே மறுவெளியீடு செய்திருந்தால் அங்கே வாங்குங்கள். காசில் பெரும்பகுதி அவர்களுக்கே போகும்.

நான்காம் படி: வாங்குவது

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாரா தட்டு அல்லிக்குளத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் அங்கே ஒரு தடவை போய், பழைய தட்டுகளைக் கையில் எடுத்துப் பழகுங்கள். தட்டை விளிம்பிலும் நடுவில் ஒட்டிய காகித லேபிளிலும் மட்டும் தொட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய முடி போன்ற கோடுகள் பெரும்பாலும் பரவாயில்லை, நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் வேண்டாம். கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தால் வளைந்திருப்பது தெரியும். லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் கீறிய எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அச்சுப் பிரதி என்று டிஸ்காக்ஸில் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அடையாளம்.

சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அட்டையில் பூஞ்சை பிடிக்கும். தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரண் வேண்டவே வேண்டாம், மே மாதத்தில் தட்டு வளைந்துவிடும். பூஞ்சை படிந்த கேசட்டை அப்படியே ஓட்டினால் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெட்டு, அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

ஐந்தாம் படி: நம்மூர்ப் பெட்டிகள்

சென்னையின் ஸ்க்ராட், எஃப்16ஸ் குழுக்களின் இசை இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய கல்லூரிக் குழுக்கள்தான் கவலை. சென்னை ஐஐடியின் சாரங் கலைவிழா மார்டி கிரா என்ற பெயரில் நடந்த காலத்திலிருந்து எத்தனையோ குழுக்கள் மேடை ஏறியிருக்கின்றன. அவர்களின் டெமோ கேசட்டுகள் பெரம்பூரிலும் அடையாறிலும் எங்கோ பெட்டியில் கிடக்கின்றன. 2000க்குப் பிறகு வந்தவர்கள் பலர் பாட்டை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். 2003 முதல் 2015 வரை அங்கே ஏற்றப்பட்ட பாட்டுகள் அழிந்துவிட்டன என்று 2019இல் செய்தி வந்தது. அதில் சுமார் 4.9 லட்சம் பாட்டுகளை மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகம் மீட்டு வைத்திருக்கிறது. தெரிந்த குழுவின் பெயரை அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வீட்டில் அண்ணனோ மாமாவோ கிடார் வாசித்தவராக இருந்தால் கேசட் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். கேசட்டை ஒருமுறை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றிவிட்டு, டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்கு இணையுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். ஒலி அளவு உச்சத்தில் சிவப்பைத் தொடக் கூடாது. கோப்பை வேவ் வடிவத்தில், குறைந்தது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் சேமியுங்கள். பாட்டுகளுக்கு நடுவே வரும் பேச்சையும் கிடாருக்குச் சுருதி சேர்ப்பதையும் வெட்டாதீர்கள். உள்ளட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் வாசித்தவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

அப்படி நான் பதிவு செய்த முதல் கேசட் நண்பனின் அண்ணனுடையது. நாலு பாட்டு, மூன்றாவதில் மின்சாரம் போய்த் திரும்ப வருகிறது. உள்ளட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் ஐந்து பெயர்கள். நாலு பேரிடம் பேசிவிட்டேன், ஏற்றலாம் என்று சொல்லிவிட்டார்கள். டிரம்ஸ் வாசித்தவர் கடைசியாக அயனாவரத்தில் இருந்தார் என்கிறார்கள். அடுத்த ஞாயிறு அங்கே போகிறேன்.