ரைபிளின் பின்னுதைப்பைக் குறைக்க: மசில் பிரேக்கா, துளையிட்ட குழலா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளில் உரிமத்தோடு கைமாறி வரும் .315 ரைபிளையோ .30-06 ரைபிளையோ (இவை தோட்டா வகையின் பெயர்கள்) சுடுதளத்துக்கு எடுத்துச் செல்பவர்கள், தோள்வலி தாங்காமல் முதலில் கேட்பது, குழல் முனையில் வாயுவைத் திருப்பிவிடும் மசில் பிரேக் என்ற கருவியை மாட்டுவதா, குழலிலேயே துளையிடுவதா என்பதுதான். முடிவெடுக்குமுன் உதை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

குண்டு முன்னே பாய்வதால் ஒரு பங்கும், அதன் பின்னால் சீறி வெளியேறும் வாயுவால் இன்னொரு பங்கும் உதை உண்டாகிறது. இந்த இரு கருவிகளுமே வாயுவின் பங்கில்தான் கைவைக்க முடியும். .30-06 தோட்டாவில் 9.7 கிராம் குண்டு வினாடிக்குச் சுமார் 880 மீட்டர் வேகத்தில் செல்ல, ஏறத்தாழ 3.4 கிராம் வெடிமருந்து வாயுவாகி அதைவிட வேகமாக வெளியேறுவதால், மொத்த உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வாயுவுக்கு உரியது. கனமான குண்டை மெதுவாகத் தள்ளும் .315-இல் வாயுவின் பங்கு குறைவு. ஆகவே அதில் எதை மாட்டினாலும் கிடைக்கும் பலனும் குறைவுதான்.

மசில் பிரேக், குழலை விட்டு வரும் வாயுவை உள்தடுப்புகளில் மோதவிட்டுப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் திருப்புகிறது. அந்த மோதல் ரைபிளை முன்னோக்கி இழுப்பதால் தோளில் விழும் உதை நன்றாகவே குறையும். குழலின் மேற்புறத்தில் இடும் துளைகளோ வாயுவை மேல்நோக்கிப் பீச்சி, முனை துள்ளி எழுவதைத்தான் அடக்குகின்றன. தோளுக்குக் கிடைக்கும் ஆறுதல் சொற்பம். கைத்துப்பாக்கிக்கு இது பொருந்தலாம், ரைபிளுக்குத் துளையிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. இட்ட துளையை மூட வழியில்லை. குண்டு வெளியேறும் முன்பே வாயு கசிவதால் வேகமும் சிறிது குறையும். சுத்தம் செய்யும்போது எண்ணெய்த் துணி துளைகளின் ஓரத்தில் மாட்டும். அங்கே ஒட்டியிருக்கும் செம்பையும் கரியையும் சிறு பிரஷ்ஷால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

பிரேக்கிலும் தொல்லை உண்டு, முதல் தொல்லை சத்தம். பக்கவாட்டில் பாயும் வாயு சுடுபவரின் காதையும் அருகில் நிற்பவரின் காதையும் தாக்கும். தகரக் கொட்டகைக்குள் சுட்டால் இன்னும் மோசம். காதடைப்பானையும் அதன்மேல் காதுமூடியையும் சேர்த்தே அணிய வேண்டும். அடுத்தது புழுதி. நம் பக்கத்துச் செம்மண்ணில் படுத்துச் சுடும்போது, கீழ்ப்புறமும் துளையுள்ள பிரேக் கிளப்பும் சிவப்புப் புழுதியில் இலக்கே மறைந்துவிடும் என்பதால், அடிப்பக்கம் மூடியதாகப் பார்த்து வாங்கி, முனைக்குக் கீழே நனைத்த சாக்கு ஒன்றை விரித்துக்கொள்வது நல்லது.

பிரேக்கைத் திருகி மாட்டுவதற்காகக் குழலில் மரை வெட்டுவதை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். லேத் பட்டறை வேலை இல்லை அது. பணிக்குமுன், இந்த மாற்றத்துக்கு உங்கள் உரிமத்தில் தடையில்லையா என்பதை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலின் உள்ளளவுக்கேற்ற நேர்க்கம்பியை உள்ளே செலுத்தி, பிரேக்கின் வெளித்துளையில் அது சுற்றிலும் சம இடைவெளியோடு நிற்கிறதா என்று விளக்கொளியில் பாருங்கள். ஒரு பக்கம் ஒட்டி நின்றால் ஒரு தோட்டாகூடச் சுடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சரியாக இருந்தாலும் குண்டு விழும் இடம் மாறும் என்பதால் குறிப்பார்வையைப் புதிதாகச் சரிசெய்தாக வேண்டும்.

பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப் விதிகளின்படி நடக்கும் ரைபிள் போட்டிகளில் பிரேக்கும் துளையிட்ட குழலும் இரண்டுமே தடைசெய்யப்பட்டவை. அங்கே போக நினைப்பவர்கள் இரண்டையும் தொடாமல் இருப்பதே சரி. மற்றவர்களும் முதலில் தோளில் பதியும் ரைபிள் கட்டையின் அடியில் நல்ல ரப்பர் பேடைப் பொருத்திப் பார்க்கலாம். 4 கிலோ ரைபிளில் 400 கிராம் எடை கூட்டினாலே உதையின் ஆற்றல் சுமார் 9 சதவீதம் குறையும்; .315 வைத்திருப்பவர்களில் பலருக்கு இதுவே போதும்.