ஏரிக்கரை மேட்டில் டிஸ்க் கால்ஃப்: முதல் தடவை ஆடப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டி ஃபவுண்டன் ஹில்ஸ் என்று ஓர் ஊர். சுற்றிலும் பாலைவனம், நடுவில் ஓர் ஏரி, ஏரிக்கு நடுவில் ஒரு நீரூற்று. காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரை, ஒவ்வொரு மணி நேரமும், மணி தொடங்கியதும் கால் மணி நேரம் பீறிட்டு அடிக்கும். மூன்று பம்பும் ஓடினால் 560 அடி போகும். சாதாரண நாளில் இரண்டுதான் ஓடும், அதுவே 300 அடி சொச்சம். ராபர்ட் மெக்கல்லக் என்ற தொழிலதிபர், தான் உருவாக்கிய ஊருக்கு ஆள் சேர்ப்பதற்காக 1970-ல் கட்டியது. லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து இதே மாநிலத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திய அதே ஆள்தான்.

அந்த ஏரியைச் சுற்றி மேடும் பள்ளமுமான புல்வெளி. அதில் 18 டிஸ்க் கால்ஃப் கூடைகள். தட்டு மாதிரி இருக்கும் டிஸ்க்கை எறிந்து இவற்றில் போடுவதுதான் ஆட்டம். மெமோரியல் சாம்பியன்ஷிப் என்ற தொழில்முறைப் போட்டி பல ஆண்டுகள் இங்கே நடந்திருக்கிறது. நான் முதன்முதலில் ஆடப் போனதும் இங்கேதான். மூன்று டிஸ்க்கோடு போய் ஒன்றோடு திரும்பினேன். போன இரண்டில் ஒன்று பறந்து போய்த் தண்ணீரில் விழவில்லை. கூடைக்குப் பக்கத்தில் நல்லபடியாகத் தரையிறங்கி, ஒரு நொடி யோசித்து, விளிம்பில் எழுந்து நின்று, சைக்கிள் சக்கரம் மாதிரி சரிவில் உருண்டுபோய் ஏரியில் இறங்கியது. பின்னாலேயே ஓடினேன். கரையில் நின்ற நாமக்கோழிகள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கியதுதான் மிச்சம்.

அந்த நாளுக்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்தவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கரையும் சரிவுமான எந்த மைதானத்துக்கும் இது பொருந்தும். வலது கைக்காரர்களை மனதில் வைத்து எழுதியது. இடது கைக்காரர்கள் இடத்தை வலம் என்றும் வலத்தை இடம் என்றும் மாற்றிப் படிக்கவும்.

ஆட்டம் என்ன என்று இரண்டு வரியில்

கால்ஃப் மாதிரியேதான். பந்துக்குப் பதில் டிஸ்க், குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. 'டீ' எனப்படும் தொடக்க இடத்திலிருந்து எறிய வேண்டும், விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும், குறைந்த எண்ணிக்கையில் கூடையில் போட வேண்டும்.

ஃபிரிஸ்பீயை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த எட் ஹெட்ரிக்தான் இந்த ஆட்டத்துக்கும் தகப்பன். 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் மைதானம் அமைத்தார். அப்போது கூடை கிடையாது, கம்பம்தான். பட்டது, படவில்லை என்று ஓயாத சண்டை. சங்கிலிக் கூடை வந்த பிறகுதான் அது அடங்கியது. அவர் 2002-ல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள். இதற்கு மேல் ஒரு விளையாட்டின் மேல் எப்படிப் பைத்தியமாக இருக்க முடியும், தெரியவில்லை.

படி 1: மூன்று டிஸ்க் போதும்

கடையில் நூற்றுக்கணக்கில் தொங்கும். நீங்கள் வாங்க வேண்டியவை மூன்று: கூடைக்குப் பக்கத்தில் எறிய ஒரு புட்டர், நடுத்தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச், தூரத்துக்கு வேகம் குறைந்த ஒரு ஃபேர்வே டிரைவர்.

டிஸ்க்கின் மேல் பெரும்பாலும் நான்கு எண்கள் இருக்கும். முதல் எண் வேகம், அடுத்தது மிதப்பு, மூன்றாவது வேகமாகப் பறக்கும்போது வலப்பக்கம் சாயும் குணம், நான்காவது வேகம் குறைந்ததும் இடப்பக்கம் மடங்கும் குணம். இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் புட்டருக்கு 2, 3, 0, 1. டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ் என்ற மிட்ரேஞ்சுக்கு 5, 4, -1, 1. இன்னோவாவின் லெப்பர்டு என்ற டிரைவருக்கு 6, 5, -2, 1. இந்த மூன்றையோ இவற்றைப் போன்ற மூன்றையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் எண் 12, 13 என்று இருக்கும் டிஸ்க் தூரமாகப் போகும் என்று கடைக்காரர் சொல்வார். போகும், எறிகிறவருக்கு அந்தக் கைவேகம் இருந்தால். நமக்கு இல்லை. நம் கையில் அது கொஞ்ச தூரம் போய் இடப்பக்கம் மடங்கி விழும். இடப்பக்கம் ஏரி இருந்தால் கதை முடிந்தது.

நிறம் முக்கியம். நீலம், பச்சை, கறுப்பு வேண்டாம்; பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க். பின்பக்கம் மார்க்கர் பேனாவால் போன் நம்பர் எழுதுங்கள். கண்டெடுத்தவர்கள் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இந்த ஆட்டத்தில் உண்டு. பயமாக இருந்தால் மிதக்கிற டிஸ்க் ஒன்றும் வாங்கலாம். இன்னோவாவின் ஹைட்ரா புட்டரும் வாஹூ டிரைவரும் தண்ணீரில் மிதக்கும். எல்லாம் மிதக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான டிஸ்க்குகள் போட்டதும் முழுகிவிடும்.

படி 2: கை பழக வேண்டும்

மைதானத்துக்குப் போவதற்கு முன் ஏதாவது ஒரு காலி இடத்தில் புட்டரை மட்டும் எடுத்து அரை மணி நேரம் எறியுங்கள்.

கட்டை விரல் மேலே, நான்கு விரல்களும் உள்விளிம்பில் மடங்கி அழுத்த வேண்டும். பக்கவாட்டாக நின்று, டிஸ்க்கை நெஞ்சுக்கு நேராக ஒரே கோட்டில் இழுத்து விடுங்கள். வளைத்து வீச வேண்டாம். கடைவாசலில் ஜெனரேட்டர் கயிற்றைச் சுண்டி இழுப்பார்களே, அந்த இழுப்பு. இதுதான் பேக்ஹேண்ட்.

முக்கியமான விஷயம் முன்விளிம்பு. அது மேலே தூக்கியிருந்தால் டிஸ்க் காற்றில் ஏறி, நின்று, இடப்பக்கம் சரிந்து விழும். புதியவர்களின் தூரம் முழுவதும் இங்கேதான் போகிறது. நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: கையில் இருப்பது தட்டு, அதில் ரசம் இருக்கிறது. எறியும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் சிந்தினால் பரவாயில்லை. என் சட்டை மேல் ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சட்டை நனைகிற மாதிரி எறிந்தால் முன்விளிம்பு தூக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஃபோர்ஹேண்ட் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. சிறு வயதில் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்து தவளை விட்டிருப்பீர்கள். அதே பக்கவாட்டு வீச்சு, அதே மணிக்கட்டுச் சுண்டல். பேக்ஹேண்டில் எறிந்த டிஸ்க் முடிவில் இடப்பக்கம் மடங்கும், ஃபோர்ஹேண்டில் எறிந்தது வலப்பக்கம் மடங்கும். இரண்டும் கொஞ்சமாவது வர வேண்டும். ஏன் என்பது படி 4-ல் தெரியும்.

படி 3: எறிவதற்கு முன் நீரூற்றைப் பாருங்கள்

திறந்த மைதானத்தில் மரங்கள் அங்கங்கேதான் இருக்கும், தடுக்க ஒன்றும் கிடையாது. பார்த்தவுடன் சுலபமாகத் தெரியும். ஆனால் ஏரி மேலிருந்து வரும் காற்றையும் எதுவும் தடுக்காது.

ஃபவுண்டன் ஹில்ஸில் ஒரு வசதி, தண்ணீர்த் தூணே காற்றைக் காட்டிக் கொடுத்துவிடும். உச்சியிலிருந்து சாரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் உங்கள் டிஸ்க்கும் போகும். ஊற்று ஓடாத நேரத்தில் ஒரு பிடி புல்லைக் கிள்ளி இடுப்பு உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள்.

எதிர்க்காற்றில் டிஸ்க், நீங்கள் எறிந்ததைவிட வேகமாக எறியப்பட்டது போல நடந்துகொள்ளும். வலப்பக்கம் கவிழப் பார்க்கும். அதனால் எதிர்க்காற்றில் லெப்பர்டு வேண்டாம். மூன்றாவது எண் பூஜ்யமாக இருக்கும் புட்டரை எடுத்து, தாழ்வாக, நிதானமாக எறியுங்கள். பின்காற்றில் நேர் எதிர்: மிதப்புக் குறைந்து சீக்கிரம் கீழே இறங்கும், வலப்பக்கச் சாய்வும் குறையும். அங்கே லெப்பர்டு நன்றாகப் போகும்.

பக்கக் காற்றுக்கு ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். காற்று டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் பட்டால் தூக்கிக்கொண்டு போகும், மேல்பக்கத்தில் பட்டால் அமுக்கும். இடப்பக்க விளிம்பு தாழ்ந்து போகும் டிஸ்க்கின் அடிப்பக்கம் வலப்பக்கம் பார்த்திருக்கும். வலமிருந்து அடிக்கும் காற்று அதைப் பட்டம் மாதிரி இடப்பக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

படி 4: ஏரி எந்தக் கைப்பக்கம்?

டீயில் நின்றதும் கூடையைத் தேடுவதற்கு முன் தண்ணீரைத் தேடுங்கள். வலப்பக்கம் ஏரி என்றால் பேக்ஹேண்ட். டிஸ்க் தானாகவே இடப்பக்கம், அதாவது கரைப்பக்கம், மடங்கிவிடும். இடப்பக்கம் ஏரி என்றால் ஃபோர்ஹேண்ட். ஃபோர்ஹேண்ட் வரவில்லையா? பேக்ஹேண்டிலேயே கூடைக்கு நன்றாக வலப்பக்கம், மேட்டுப் பக்கம் குறிவைத்து எறியுங்கள். ஒரு எறிதல் கூடினாலும் டிஸ்க் மிஞ்சும்.

ஏரியைக் குறுக்கே தாண்டி எறிகிற ஆசை எல்லோருக்கும் வரும். அனுபவசாலிகள் அப்படி எறிவதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். 200 அடி எறிய முடியும் என்று தோன்றினால் 150 அடிக்குத் திட்டமிடுங்கள். தண்ணீருக்கு முன்னால் நின்றால் உடம்பு விறைத்துப்போய், பலம் கொடுத்து எறிகிறோம் என்று முன்விளிம்பைத் தூக்கிவிடுவோம். ரசம் சட்டையில்தான்.

படி 5: இறக்கத்தில் எறிவது

மேட்டு உச்சியில் நின்று கீழே கூடையைப் பார்த்து எறிவதைப் போல சுகம் இந்த ஆட்டத்தில் வேறு இல்லை. டிஸ்க் இறங்கிக்கொண்டே, கூடவே முன்னேறிக்கொண்டே போகும். ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, 10 அடி இறக்கத்துக்கு 30 அடி தூரம் குறைத்து எறி என்பது. மிட்ரேஞ்ச் என்று கை போகிற இடத்தில் புட்டரை எடுங்கள்.

காற்றில் இருக்கும் நேரம் கூடுவதால் சாய்வும் மடங்கலும் கூடும், காற்றுக்கும் விளையாட நேரம் கிடைக்கும். ஆகவே தோளைச் சரிவோடு சேர்த்துச் சாய்த்து, சரிவுக்கு இணையாக எறியுங்கள். தரைமட்டத்தில் எறிவது போல நேராக எறிந்தால் சரிவு கீழே போய்க்கொண்டே இருக்கும், டிஸ்க் மேலேயே மிதந்துகொண்டிருக்கும்.

ஏற்றத்தில் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். டிஸ்க் சீக்கிரமே இடப்பக்கம் மடங்கிவிடும் என்பதால் லெப்பர்டு நல்லது. மேலே போக வேண்டும் என்று மணிக்கட்டைத் தூக்காதீர்கள். உடம்பைப் பின்னால் சாய்த்தால் போதும்.

படி 6: கூடைக்குப் பக்கத்தில், உருளாமல்

என் டிஸ்க் போனது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிஸ்க் தட்டையாக விழுந்தால் படுத்துக்கொள்ளும். விளிம்பில் விழுந்தால் எழுந்து உருளும். சரிவில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: சரிவு எந்தப் பக்கம் சாய்கிறதோ டிஸ்க்கும் அந்தப் பக்கமே சாய்ந்து இறங்கினால் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் எதிரெதிரே சாய்ந்தால் விளிம்பு தரையில் குத்தி, டிஸ்க் நிமிர்ந்து, உருண்டுவிடும். உயரமாக எறிந்து செங்குத்தாக விழவிடாமல், தாழ்வாக மெதுவாகக் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள்.

கடைசி எறிதலுக்கு எங்கே நிற்பீர்கள் என்பதையும் முன்பே யோசியுங்கள். கூடைக்கு மேலே, ஏரியைப் பார்த்தபடி நின்று எறிந்து தவறினால், டிஸ்க் கூடையைத் தாண்டிச் சரிவில் இறங்கிக்கொண்டே போகும். கூடைக்குப் பக்கவாட்டில், அதே உயரத்தில் நிற்பதுதான் எனக்குப் பிடித்த இடம். 'சங்கிலி சத்தம் கேட்க வேண்டும் என்று எல்லா எறிதலையும் கூடைக்கே எறியாதே, தம்பி' என்கிற அர்த்தத்தில் அங்கே ஆடும் ஒரு வெள்ளைத்தாடிப் பெரியவர் சொன்னார். சந்தேகமாக இருந்தால் கூடைக்கு அடியில் போய் விழும்படி மெதுவாக விடுங்கள், அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம்.

கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறியும்போது, கைவிட்ட பிறகும் தடுமாறாமல் நின்று காட்டிவிட்டுத்தான் முன்னால் காலெடுத்து வைக்க வேண்டும். இறக்கத்தில் இதுவே பெரிய வேலை. பின்காலில் பாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: தண்ணீரில் போய்விட்டதா?

சரி, போய்விட்டது. கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு, டிஸ்க் கடைசியாக எந்த இடத்தில் எல்லையைத் தாண்டியதோ அங்கே, கரையிலிருந்து ஒரு மீட்டர் வரை உள்ளே தள்ளி நின்று எறியலாம். அல்லது பழைய இடத்துக்கே திரும்பிப் போய் எறியலாம். முதல் வழியே மேல்; பழைய இடத்துக்குப் போனால் அதே தப்பைத்தான் மறுபடி செய்வோம்.

ஃபவுண்டன் ஹில்ஸ் ஏரியில் இருப்பது சுத்திகரித்த கழிவுநீர். டிஸ்க்குக்காக இறங்காதீர்கள்.

போவதற்கு முன்

கோடை மாதங்களில் ஃபீனிக்ஸ் பக்கம் 43 டிகிரியைத் தாண்டும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் ஆட நல்ல காலம், அதிலும் காலை நேரம். இது பொதுப் பூங்கா. நடைப்பயிற்சி போகிறவர்கள், நாய், தள்ளுவண்டியில் குழந்தை எல்லாம் பாதையில் வரும். அவர்கள் கடக்கும்வரை டிஸ்க்கைக் கீழே வைத்துக்கொண்டு நில்லுங்கள். அவர்களுக்கு ஆட்டம் நடப்பதே தெரியாது. அடுத்த கூடை எங்கே என்று குழம்பினால் யூடிஸ்க் செயலியில் வரைபடம் இருக்கிறது.

எட்டே முக்கால் வாக்கில் போய்ச் சேருங்கள். புட்டரை நாலு தடவை எறிந்து கையைத் தயார் செய்வதற்குள் ஒன்பது மணி ஆகிவிடும், ஊற்று கிளம்பும். சாரல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டு முதல் டீக்குப் போங்கள்.